பலூன் ஏன் ஊதவில்லை? மாதிரியுருக்கள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

வகுப்பறையிலும் மருத்துவப் பயிற்சியிலும் கைக்கொள்ளும் மாதிரியுருக்கள் பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த மாதம்.

கேள்வி: அடி வெட்டிய போத்தலின் மூடியில் குழாய் செருகி, உள்ளே இரண்டு பலூன் தொங்கவிட்டு, வெட்டிய அடியில் இன்னொரு பலூனை இழுத்து மாட்டிச் சுவாசப்பை மாதிரி செய்து தரம் 8 வகுப்புக்குக் கொண்டுபோனேன். அடிப்பலூனை எவ்வளவு இழுத்தும் உள்ளே இருந்த இரண்டு பலூன்களும் அசையவே இல்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எங்கே பிழை?
— விஞ்ஞான ஆசிரியை, மூதூர்

மூடியைப் பாருங்கள் ரீச்சர். இந்த மாதிரி பிழைக்கிற இடம் பெரும்பாலும் அதுதான். போத்தல் மூடி செய்யும் பிளாஸ்ரிக்கில் குளூ கன் பசையும் ஒட்டாது, அரல்டைட்டும் ஒட்டாது. ஒட்டியதுபோல் இருக்கும், குழாயைப் பிடித்து மெல்லத் திருகினால் பசை முழுவதும் ஒரு வளையமாகக் கழன்று வரும். அந்த இடுக்கால் காற்று நேரே போத்தலுக்குள் புகுந்துவிடும். சுலபமான வழி திறந்திருக்கும்போது காற்று ஏன் பலூனுக்குள் போய்ச் சிரமப்பட வேண்டும்?

பசையை விட்டுவிடுங்கள். பேனைக் குழாயின் மேல் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய இரண்டு செ.மீ. அகலத் துண்டை இறுக்கிச் சுற்றுங்கள். மூடியில் போடும் துளை, ரியூப் சுற்றிய குழாய் திருகித் திருகித்தான் உள்ளே போகும் அளவில் இருக்கட்டும். குழாய் மூடிக்கு மேலே நாலு செ.மீ. நீட்டி நிற்க வேண்டும். ஏனென்றால் அடுத்தது வாளிச் சோதனை. பூட்டி முடித்த போத்தலை, மூடி மூழ்கி, குழாயின் வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்படி அமிழ்த்தி, அடிப்பலூனை உள்நோக்கி அமத்துங்கள். குமிழி எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கேதான் ஓட்டை.

ஓட்டை இல்லாமலும் பலூன் அசையாமல் இருக்கலாம். அதற்கு இரண்டு காரணம். புதுப் பலூன் விறைப்பானது. முதல் நாளே நாலைந்து தரம் நன்றாக ஊதி இறக்கி, உள்ளே கொஞ்சம் பவுடர் தட்டிவிடுங்கள், சுவர் ஒன்றோடொன்று ஒட்டாது. மற்றது போத்தல். தண்ணீர்ப் போத்தல் மெல்லியது. நீங்கள் இழுக்கும்போது அதன் பக்கங்களே உள்ளே குழிந்து, உண்டாகிய இடத்தை விழுங்கிவிடும். சோடாப் போத்தல் எடுங்கள், 1.5 லீற்றர், நெளிவில்லாத உருளை வடிவம். வெட்டிய விளிம்பில் ரேப் ஒட்டிவிட்டுப் பலூனை மாட்டினால் கிழியாது.

எவ்வளவு ஊதும் என்று எதிர்பார்க்கலாம்? போத்தலின் குறுக்களவு 9 செ.மீ. என்றால் அடிப்பரப்பு ஏறக்குறைய 64 சதுர செ.மீ. நடுவில் பிடித்து 3 செ.மீ. இழுத்தால் கூம்பு வடிவில் 64 மி.லீ. கூடும். அதை இரண்டு பலூன் பங்கிட்டால் ஒன்றுக்கு முப்பது மி.லீ. அளவு, அதுவும் கசிவு ஏதும் இல்லாவிட்டால். ஆகவே பிறந்தநாள் பலூன்போல் உப்பும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். சிறிய பலூன் போட்டால் அந்த முப்பது மி.லீ. கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பின் வாங்கில் இருப்பவர்களுக்காக, ஒரே பலூன் உள்ள இன்னொரு போத்தலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி வேலைசெய்த பிறகுதான் பாடம் தொடங்குகிறது. காற்று உள்ளே போய் நெஞ்சை விரிக்கிறது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். இழுக்குமுன் கேளுங்கள்: "முதலில் எது நடக்கும், அடிப்பலூன் இறங்குமா, உள்பலூன் ஊதுமா?" பதிலைக் கொப்பியில் எழுதவைத்துவிட்டு இழுங்கள்.

இந்த மாதிரி சொல்லும் பொய்களையும் அவர்கள் வாயாலேயே வரவழையுங்கள். அடிப்பலூன் காட்டுவது பிரிமென்றகட்டை, நெஞ்சறையின் அடியில் இருக்கும் தசைத் தகடு. அது ஓய்வில் மேல்நோக்கிக் குவிந்திருக்கும், சுருங்கும்போது தட்டையாகும். இங்கேயோ தட்டையாக இருந்து கீழே தொங்குகிறது. அடிப்பலூனை முதலில் உள்ளே அமத்திப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் இந்தப் பொய் பாதி குறையும். விலா என்புகள் அசைவதில்லை. பலூனுக்கும் போத்தலுக்கும் நடுவே காற்று நிறைந்த பெரிய இடைவெளி. உடலில் அங்கே இருப்பது மெல்லிய படலமாகக் கொஞ்சம் திரவம்தான். சுவாசப்பையும் வெறும் பை அல்ல, 30 கோடிக்கும் மேற்பட்ட சிற்றறைகள் கொண்ட பஞ்சு.

மூதூர் வகுப்பில் அசையாமல் நின்ற அந்தப் போத்தலை எறிந்துவிடாதீர்கள், ஓட்டையும் ஒரு பாடம்தான். நல்ல போத்தல் ஒன்றின் பக்கத்தில் சூடாக்கிய ஊசியால் துளையிட்டு, விரலால் மூடிக்கொண்டு இழுத்தால் பலூன் ஊதும். விரலை எடுத்துவிட்டு இழுத்தால் ஊதாது. நெஞ்சில் கத்திக்குத்து வாங்கியவரின் சுவாசப்பை ஏன் சுருங்கிப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது.

கேள்வி: அல்ட்ராசவுண்ட் பார்த்து நாளத்தில் ஊசி ஏற்றப் பழகுவதற்கு ஜெலற்றினில் கட்டி செய்தோம். மதியத்துக்குள் இளகி வழிந்துவிட்டது. ஜெலற்றின் ஹலாலா என்ற கேள்வியும் எங்களுக்குள் இருக்கிறது. வேறு வழி உண்டா?
— தாதியர் பயிற்சி மாணவர்கள், கிண்ணியா

இருக்கிறது. நோன்பு காலத்தில் உங்கள் வீடுகளில் காய்ச்சும் கடற்பாசியேதான். ஜெலற்றின் விலங்குத் தோலிலும் என்பிலும் இருந்து வருவது, எந்த விலங்கு என்பதைப் பொதியைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அது முப்பது பாகைக்கு மேல் இளகத் தொடங்கும். ஆடி மாதத்துக் கிண்ணியாவில் மின்விசிறியின் கீழே அது நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கடற்பாசி 85 பாகையளவில்தான் உருகும், உருகியது 40 பாகைக்குக் கீழே வந்தால்தான் உறையும். உறைந்தது வெயிலுக்கு அசையாது.

ஒரு லீற்றர் தண்ணீருக்குத் தூளாக்கிய கடற்பாசி 25 முதல் 30 கிராம். பச்சைத் தண்ணீரில் தூவிக் கரைத்துவிட்டுப் பிறகு அடுப்பில் வையுங்கள். கொதிநீரில் கொட்டினால் கட்டிபடும். தெளிந்து கொதித்ததும் இசப்கோல் உமி ஒரு மேசைக்கரண்டி. உமி போடாவிட்டால் திரையில் வெறும் கறுப்புத்தான் தெரியும். தசைபோல் சாம்பல் புள்ளிகள் தெரிவதற்கே அது. இறக்கிக் கிளறிக்கொண்டே 50 பாகை வரை ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உமி அடியில் படிந்து, மேல் பாதி தண்ணீர்போலவும் கீழ்ப் பாதி சுவர்போலவும் தெரியும். மேலே மிதக்கும் நுரையைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். ஒவ்வொரு காற்றுக்குமிழியும் திரையில் வெள்ளைப் புள்ளியாகி, தன் கீழே நிழல் விழுத்தும்.

சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு செ.மீ. உயரத்துக்கு ஊற்றி உறையவிட்டு, மேற்பரப்பை முட்கரண்டியால் கீறுங்கள், அடுத்த அடுக்கு பிடித்துக்கொள்ளும். அதன்மேல் இரண்டு நீளப் பலூன்கள். இரண்டையும் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தே நிரப்பி, அங்கேயே முடிச்சிடுங்கள். ஒரு சொட்டுக் காற்றும் இருக்கக்கூடாது. ஒன்றைத் தொளதொளப்பாகவும் மற்றதைப் புடைக்கவும் நிரப்புவதில்தான் சூட்சுமம். அல்ட்ராசவுண்ட் கருவியின் புரோபால் அமத்தும்போது முதலாவது நசுங்கும், அது நாளம். மற்றது நசுங்காது, அது நாடி. மேல் அடுக்கு ஒரு செ.மீ. முதல் ஒன்றரை வரை போதும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கடற்பாசி நொறுங்கும், ஊசி போன பாதை மூடாது. இருபது குத்துக்குப் பிறகு திரை முழுக்க வெள்ளைக் கோடுகளாகிவிடும். பலூனை எடுத்துவிட்டு, கட்டியை உடைத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி காய்ச்சுங்கள், கோடெல்லாம் போய்விடும். நாடி துடிப்பதை இந்தக் கட்டி காட்டாது. நோயாளி கையை இழுப்பதையும் காட்டாது.

கேள்வி: பொம்மையிலும் பொருளிலும் பழகுவது மேல்நாட்டு முறை, நம் மருத்துவத்தில் நேரே குருவிடம்தான் கற்றார்கள் என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். சரியா?
— சித்த மருத்துவ மாணவி, கோணேசபுரி

சரியில்லை. சுசுருத சங்கிதையின் முதற்பகுதியான சூத்திரத்தானத்தில் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் இதுதான். எல்லா நூலும் படித்து முடித்தவனும் கைப்பழக்கம் இல்லாவிட்டால் வேலைக்கு ஆகமாட்டான் என்று தொடங்கி, எந்தச் செயலை எதில் பழக வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. அது ஆயுர்வேத நூல், சித்தம் அல்ல, என்பதை நண்பர் நினைவூட்டலாம். ஆனாலும் நம் பக்கத்து முறைதான்.

வெட்டப் பழகப் பூசணி, சுரைக்காய், வத்தகப்பழம், வெள்ளரி. கீறிப் பிளக்கப் பழகத் தண்ணீரும் சேறும் நிரப்பிய தோற்பை. சுரண்டுவதற்கு மயிரோடு இழுத்துக் கட்டிய தோல். நாளத்தைத் துளைக்க இறந்த விலங்கின் நாளமும் ஆம்பல் தண்டும். ஆழம் பார்க்கச் சலாகை விடுவதற்குப் புழு அரித்த மரமும் மூங்கிலும். தைப்பதற்குத் துணியும் மெல்லிய தோலும். கட்டுப்போடுவதற்கு மனித உருவில் செய்த பொம்மை. எங்களுக்குப் பிடித்தது பலாப்பழம்: உள்ளே சிக்கியதைப் பிடுங்கி எடுக்கும் பயிற்சிக்கு அதைச் சொல்கிறது. சுளைக்குள் இருக்கும் கொட்டையைச் சதை கிழியாமல் இடுக்கியால் எடுத்துப் பாருங்கள், ஏன் பலா என்று விளங்கும்: வழுக்குகிறது, பிடி தளர்ந்தால் நழுவும், இறுக்கினால் சுளை பிய்யும். ஒவ்வொரு செயலுக்கும் அதன் சிரமத்தைத் தரும் பொருளைத்தான் தேடியிருக்கிறார்கள். தோற்றம் ஒத்திருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

மேற்கிலும் கதை இதேதான். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு முழுவதும் சுற்றி மருத்துவிச்சிகளுக்குக் கற்பித்த மதாம் து கூத்ரே, துணியாலும் தோலாலும் தைத்த இடுப்பையும் குழந்தையையும் வைத்தே பிரசவம் பழக்கினார். நெஞ்சை அமத்தி உயிர் மீட்கப் பழகும் ரெசசி ஆன் பொம்மையை 1960இல் செய்த ஆஸ்முண்ட் லேர்டால் நோர்வேயில் விளையாட்டுப் பொம்மை செய்தவர்.

நாடி பார்க்க மாதிரி செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மெல்லிய இறப்பர்க் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் அமத்தும் குமிழ் பூட்டி, மேலே ஒரு துணி போர்த்தினால் வேகமும் ஒழுங்கும் பழகலாம். வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலில் பிரித்தறிவதை அந்தக் குழாய் தராது. அதற்கு உங்கள் நண்பர் சொல்லும் குருதான் வேண்டும்.

கேள்வி: மகளின் பாடசாலைக் கண்காட்சிக்கு ரெஜிபோமில் இதயம் செய்தோம். ஸ்பிரே பெயின்ற் அடித்ததும் பொத்துப் பொத்தாக உருகிவிட்டது.
— ஒரு தந்தை, உப்புவெளி

ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் ரெஜிபோமைக் கரைக்கும். தின்னரும் பெற்றோலும் சப்பாத்துப் பசையும் அப்படியே. பைண்டர் கம்மில் தோய்த்த ரிஷ்யூத் தாளை இரண்டு அடுக்கு ஒட்டிக் காயவிட்டு, சுவருக்கு அடிக்கும் தண்ணீர்ப் பெயின்ற் பூசுங்கள்.

ஆனால் ஒன்று. வெளியே சிவப்பும் நீலமும் பூசிய இதயம் மேசையில் அழகாக இருக்கும், அதைப் பார்த்து யாரும் எதையும் கற்பதில்லை. நாளத்துக் குருதி நீலம் என்று நினைக்க வைப்பதும் இந்தப் பெயின்ற்தான், அது கருஞ்சிவப்பு. அதே நேரத்தில் இறைச்சிக் கடையில் ஆட்டிதயம் ஒன்று வாங்கி, மேலேயுள்ள குழாயில் தண்ணீர் ஊற்றி வால்வு மூடிக்கொள்வதை மகள் காட்டட்டும். வாங்கும்போதே குழாய்களை அடியோடு வெட்டாமல் தரச் சொல்லுங்கள், வெட்டினால் வால்வும் போய்விடும்.

கேள்வி: நாங்கள் செய்த டி.என்.ஏ. மாதிரி இடப்பக்கம் முறுகியிருக்கிறது என்று நடுவர் புள்ளி குறைத்தார். தலைகீழாகத் திருப்பி வைத்தால் சரியாகிவிடாதா?
— உயர்தர உயிரியல் மாணவர்கள், தம்பலகாமம்

ஆகாது. வலச்சுரி எந்தப் பக்கம் பிடித்தாலும் வலச்சுரிதான், இடச்சுரியும் அப்படியே. ஒரு திருகாணியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். மாதிரியை நிமிர்த்தி வைத்து உங்களுக்கு முன்னால் தெரியும் இழையைக் கவனியுங்கள்: இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலே ஏறினால் சரி. கழற்றித்தான் மறுபடி முறுக்க வேண்டும்.

மறுபடி செய்வதென்றால் அளவோடு செய்யுங்கள். ஒரு நனோமீற்றருக்கு 10 செ.மீ. என்று வைத்தால் ஏணியின் அகலம் 20 செ.மீ., படிக்குப் படி 3.4 செ.மீ., பத்துப் படிக்கு ஒரு சுற்று 34 செ.மீ. நடுவில் பி.வி.சி. குழாய். அதன் சுற்றளவுக்கு ஒரு கடதாசித் துண்டு வெட்டிப் பத்தாகப் பிரித்துச் சுற்றினால் 36 பாகை தானாக வந்துவிடும், ஒவ்வொரு 3.4 செ.மீ. ஏறும்போதும் ஒரு பங்கு நகர்த்தித் துளையிடுங்கள். படிக்குச் சைக்கிள் கம்பி.

அடினைன், குவானைன் துண்டுகளைப் பெரிதாகவும் தைமின், சைற்றோசின் துண்டுகளைச் சிறிதாகவும் வெட்டுங்கள். எல்லாம் ஒரே அளவென்றால் அடினைனோடு அடினைனும் பொருந்துவதுபோல் தெரியும், பெரியதோடு சிறியது சேர்ந்தால்தான் ஏணி ஒரே அகலத்தில் வரும் என்ற விஷயமே காணாமல் போய்விடும். 1953இல், டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வாற்சன், மாதிரிக்கான உலோகத் தகடுகள் வந்துசேரும்வரை காத்திராமல் மட்டையில் வெட்டிய துண்டுகளை மேசையில் நகர்த்தி நகர்த்திக் கண்டதும் இந்தப் பொருத்தத்தைத்தான். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதற்கு அம்புக்குறி போட மறக்காதீர்கள். நடுக்குழாய் வைத்த மாதிரியில் இழைகளுக்கு இடையே ஓடும் பெரிய தவாளிப்பும் சிறிய தவாளிப்பும் ஒரே அகலமாகத் தெரியும். அது பொய் என்று நடுவருக்கு நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சூரியக் குடும்பத்தை உண்மை அளவுவிகிதத்தில் காட்ட எவ்வளவு இடம் வேண்டும்?
— ஆசிரியர், பாலையூற்று

டச்பே கடற்கரை போதும். ஆயிரம் கோடிக்கு ஒன்று என்று சுருக்கினால் சூரியன் 14 செ.மீ., உரித்த தேங்காய். 15 மீற்றர் தள்ளி ஒரு கடுகு, அது பூமி. கடுகிலிருந்து நாலு செ.மீ.க்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஒரு மணல் துணிக்கை, சந்திரன். வியாழன் 78 மீற்றரில் ஒரு மாபிள். நெப்தியூன் 450 மீற்றரில் ஒரு மிளகு. கரை வளைவதால் நேர்கோடாக வராது, நடந்து அளந்தால் போதும். கடுகை ஒரு மட்டையில் ஒட்டிக் கம்பில் குத்துங்கள், இல்லாவிட்டால் காற்றில் பூமி தொலைந்துபோகும். சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் எங்கே என்று யாராவது பிள்ளை கேட்கும்: இதே அளவில் 4,000 கிலோமீற்றர். தேங்காய் டச்பேயில் என்றால் அது ஏறக்குறைய றியாத்தில்.

கேள்வி: சி.ரி. படத்திலிருந்து முப்பரிமாண அச்சில் முள்ளந்தண்டு செய்து வாங்கினோம். படிக்கட்டுப்போல் வரிவரியாக இருக்கிறது. காரில் விட்டது வளைந்தும் போய்விட்டது.
— மருத்துவ விரிவுரையாளர், திருகோணமலை நகர்

படிக்கட்டு அச்சுப்பொறியின் குற்றம் அல்ல. 5 மி.மீ. தடிப்பில் வெட்டிய படங்களைக் கொடுத்திருப்பார்கள், ஒரு மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய தொடர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நோயாளியின் பெயர் கோப்பிலேயே பதிந்திருக்கும், வெளியே கொடுக்குமுன் நீக்கிவிடுங்கள். திரீடி ஸ்லைசர் இலவச மென்பொருள், படத்திலிருந்து என்பை மட்டும் பிரித்தெடுக்க அதுவே போதும். அச்சுக்கு அனுப்பும் எஸ்.ரி.எல். கோப்பில் அலகு பதிவாகாது, ஆகவே அச்சிட்டதும் ஒரு முள்ளென்பை வேணியரால் அளந்து படத்தோடு ஒப்பிடுங்கள். இடம் வலம் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். முள்ளந்தண்டில் இது எளிதில் தப்பிவிடும்.

வளைந்ததற்குக் காரணம் பி.எல்.ஏ. பிளாஸ்ரிக். அறுபது பாகையில் அது இளகும். வெயிலில் கண்ணாடி ஏற்றிவிட்ட கார் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். பெற்ஜி பிளாஸ்ரிக்கில் கேட்டால் இன்னும் பதினைந்து இருபது பாகை தாங்கும்.

கேள்வி: மாரி வந்தால் எங்கள் கடதாசிக்கூழ் மாதிரிகள் பூஞ்சணம் பிடிக்கின்றன. எலும்புக்கூட்டின் ஆணிகளும் துருவேறிவிட்டன.
— ஆய்வுகூட உதவியாளர், நிலாவெளி

கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். இரும்பு ஆணிகளைப் பித்தளைக்கு மாற்றுங்கள். எலும்புக்கூட்டை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், அது சிக்கேறித் தூசு பிடிக்கும்.

கடைசி அடுக்குக்குப் பசை காய்ச்சும்போது, புத்தகம் கட்டுபவர்கள் செய்வதுபோல, மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேருங்கள். அது நஞ்சு, பிள்ளைகள் பிசையும் கூழில் போடவேண்டாம், பெரியவர்கள் பூசும் கடைசி அடுக்கில் மட்டும் போடலாம். முழுதாகக் காய்ந்த பிறகே வார்னிஷ். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்போது பூசினால் பூஞ்சணத்துக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. அலுமாரிக்குள், கீழ்த்தட்டில், பழைய மஞ்சள் குண்டு பல்ப் 15 வாற்றில் ஒன்று ஐப்பசி முதல் தை வரை எரியட்டும். எல்.ஈ.டி. போட்டால் பலனில்லை, வேண்டியது சூடு. மெழுகு மாதிரிகளையும் கடதாசியையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.